முதல் பைனாகுலர் வாங்கப் போகிறீர்களா? யாழ்ப்பாணத்துப் பரவைக்கடலுக்கு எது தோது

கார்த்திகை பிறந்து, பண்ணைப் பக்கம் பூநாரை இறங்கிய படம் ஒன்று கைபேசிகளில் சுற்றத் தொடங்கினால் போதும், அடுத்த நாளே யாராவது எனக்கு அழைத்து "அண்ணை, ஒரு பைனாகுலர் வாங்கவேணும், விலை கனக்கப் போகக் கூடாது, ஆனா நல்லதாயும் இருக்கவேணும், என்ன வாங்கலாம்?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவரோடும் அரை மணித்தியாலம் கதைத்ததையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. இது முழுக்கப் புதியவர்களுக்கு. ஏற்கெனவே இரண்டு மூன்று வைத்திருப்பவர்கள் கடையில் சோதிக்கும் பகுதியை மட்டும் பார்த்தால் போதும்.

கடைக்குப் போய் "இது எத்தனை மடங்கு பெரிசாக் காட்டும்?" என்று முதல் கேள்வி கேட்டால், பிழையானதைத்தான் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவீர்கள். நான் அப்படித்தான் வாங்கினேன். நகரத்தில் ஒரு கடையில் 20×50 என்று எழுதிய ஒன்றை, அங்கிருந்ததில் ஆகப் பெரிய எண் அதுதான் என்ற ஒரே காரணத்துக்காக எடுத்தேன். அடுத்த நாள் காலை மண்டைதீவுப் பக்கம் போய்க் கண்ணில் வைத்தால், தண்ணீருக்கு மேலே இளஞ்சிவப்பாக ஏதோ நடுங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் நெற்றி வலிக்கத் தொடங்கியது. என் கண்ணில்தான் பிழை என்று நினைத்துக் கண் வைத்தியரிடமும் போனேன், கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இரண்டு கிழமை கழித்து, தொண்டைமானாற்று நீரேரிக் கரையில் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் தன்னுடைய பழைய 8×40 ஐக் கழற்றி என் கையில் தந்து "தம்பி, இதாலை பாரும்" என்றார். கண்ணில் வைத்ததும் படம் அப்படியே நின்றது. பூநாரை ஒன்று கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்து, இரண்டு பக்கமும் அசைத்து அசைத்துச் சேற்றை வடித்துக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கியபோது அலகின் கறுப்பு நுனியில் இருந்து தண்ணீர் சொட்டியது தெரிந்தது. கூட்டத்துக்குள் மூன்று பறவைகள் சாம்பல் நிறமாக நின்றன, அவை இளம் பறவைகள் என்று மாஸ்டர் சொன்னார். என் 20×50 இல் அந்தச் சாம்பல் நிறம் தெரிந்ததே இல்லை. கையில் பிடித்துப் பார்ப்பதற்கு எட்டு மடங்குதான் சரியானது என்பது அன்றைக்கு விளங்கியது. நான் கீழே எழுதப்போவதெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

அந்த இரண்டு எண்கள்

8×42 என்றால், முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது எண் முன் வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். 240 மீற்றருக்கு அப்பால் நிற்கும் நாரை எட்டு மடங்கில் 30 மீற்றரில் நிற்பதுபோல் தெரியும். பத்து மடங்கில் 24 மீற்றர். அந்த ஆறு மீற்றர் கிட்டத்துக்காக நீங்கள் கொடுக்கும் விலை என்னவென்றால், கை நடுக்கமும் அதே கணக்கில் பெருக்கும், பார்வைப் பரப்பும் சுருங்கும். நல்ல 8×42 ஒன்றில் ஆயிரம் மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 125 மீற்றர் அகலம் தெரியும், இருபது மடங்கில் அதில் பாதிகூடத் தெரியாது. பறந்துபோகும் பறவையை அந்தச் சின்ன வட்டத்துக்குள் பிடிப்பது புதியவருக்கு ஆகாத வேலை. அதோடு நாங்கள் பார்க்கும் இடங்கள் எல்லாம் வெட்டவெளி, பறவை வரும் மாதங்களில் வாடைக்காற்று, பண்ணைப் பாலத்தில் நின்றால் பக்கத்தில் பஸ் போகும்போது தெருவே அதிரும். கை உறுதியாக உள்ளவர்கள் பத்து மடங்கு வாங்கலாம், பிழையில்லை. பன்னிரண்டுக்கு மேல் போனால் முக்காலி வேண்டும்.

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் பிரித்துப் பாருங்கள். 42 ஐ எட்டால் பிரித்தால் 5.25. கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீற்றர். நல்ல வெயிலில் எங்கள் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் திறந்திருக்கும், அப்போது எதை வைத்துப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. விடியற்காலையிலும் பொழுதுபடும் நேரத்திலும் கண்மணி நன்றாக விரியும், பறவை ஆகக் கூடுதலாக அசைவதும் அந்த நேரத்தில்தான். 10×25 போன்ற சட்டைப்பைக்குள் போகும் சின்னதுகளில் 2.5 தான் வரும், அதனால் காலை ஆறு மணிக்கு எல்லாம் இருட்டாகத் தெரியும். நான் ஏமாந்த 20×50 இலும் அதே 2.5 தான், பிரித்துப் பாருங்கள். மறுபக்கம் 7×50 என்றால் ஏழு மில்லிமீற்றருக்கு மேல் வரும், ஆனால் ஐம்பது வயது தாண்டியவர்களின் கண்மணி பெரும்பாலும் அவ்வளவு விரியாது, மிச்ச வெளிச்சம் வீண், பாரம் மட்டும் கழுத்தில்.

கனடாவில் இருக்கும் என் மச்சான் ஒருவர் முறைப்படி உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர். அவருடைய துப்பாக்கியில் பூட்டியிருப்பது 3-9×40 தொலைநோக்கி, அதாவது மூன்றில் இருந்து ஒன்பது மடங்கு வரை திருப்பி மாற்றக்கூடியது, அங்கே பலரும் வைத்திருப்பது அதுதானாம். ஒன்பதுக்கு அவர் திருப்புவது அரிது, காட்டுக்குள் மூன்றிலோ நாலிலோதான் வைத்திருப்பாராம், ஏனென்றால் மான் வெளியே வருவது மங்கல் நேரத்தில், அப்போது வெளிச்சமும் அகலமும்தான் தேவை. தேவை வேறு, கண்ணாடிக்குள் நடக்கும் கணக்கு ஒன்றுதான். துப்பாக்கியை எடுத்து அதிலுள்ள தொலைநோக்கியால் அக்கம்பக்கம் பார்ப்பது ஒருபோதும் செய்யக்கூடாத காரியம் என்றும், துப்பாக்கியின் வாய் பார்வையோடு சேர்ந்து திரும்பும் என்பதால் தேடிப் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு 8×42 பைனாகுலரும் கொண்டுபோவதாகவும் சொன்னார்.

ஆகவே புதியவர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்றால் அது 8×42. பாரம் தூக்க முடியாதவர்கள், பெரும்பாலும் வீட்டு வளவில் செண்பகமும் புலுனியும் பார்க்கப் போகிறவர்கள், 8×32 எடுக்கலாம்.

மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு

இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். கண் வில்லையில் இருந்து எவ்வளவு தள்ளிக் கண்ணை வைத்தும் முழு வட்டமும் தெரியும் என்ற அளவை மில்லிமீற்றரில் கொடுத்திருப்பார்கள், ஐ ரிலீஃப் என்று பெட்டியில் இருக்கும். மூக்குக் கண்ணாடியோடு பார்ப்பவருக்குக் குறைந்தது 15, 16 வேண்டும். அதற்குக் குறைந்தால், திறப்புத் துவாரத்தால் எட்டிப் பார்ப்பதுபோல நடுப்பகுதி மட்டும்தான் தெரியும். வெள்ளெழுத்துக்கு மட்டும் கண்ணாடி போடுகிறவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, கழற்றிவிட்டுப் பார்க்கலாம்.

தண்ணீர், உப்பு, பூஞ்சணம்

இங்கே ஒரு பைனாகுலர் கெட்டுப்போவது விழுந்து உடைந்து அல்ல. மாரியில் இரண்டு மாதம் அலுமாரிக்குள் வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலைபோல வெள்ளை நூல் ஓடியிருக்கும். அது பூஞ்சணம். வில்லையின் மேல் உள்ள பூச்சை அது தின்றுவிட்டால் பிறகு துடைத்துப் பயனில்லை. என் 20×50 இரண்டாவது மாரியோடு அப்படித்தான் போனது.

அதனால் நான் ஒரு விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்லமாட்டேன்: உள்ளே நைதரசன் வாயு நிரப்பி அடைத்தது, நீர் புகாதது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். நீர்த்தெறிப்பைத் தாங்கும் என்று எழுதியிருந்தால் அது வேறு, அது போதாது. காற்றே உள்ளே போகாதபடி அடைத்திருந்தால் ஈரமும் உப்பும் பூஞ்சண வித்தும் போக வழியில்லை. குளிர் போட்ட வாகனத்தில் இருந்து வெளியே இறங்கியதும் உள்வில்லையில் ஆவி படிகிற தொல்லையும் இருக்காது. வெளிவில்லையில் படியும், அது ஒரு நிமிடத்தில் போய்விடும்.

உள்ளே என்ன இருக்கிறது

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு அரியம், அதாவது பிரிசம் என்ற கண்ணாடிக் கட்டி, தெரியும். வில்லை படத்தைத் தலைகீழாக்கும், அரியம் அதைத் திரும்ப நிமிர்த்தும். இரண்டு வகை உண்டு. முன் வில்லைகள் கண் வில்லைகளை விட அகலமாக விலகி நிற்கும் பழைய உருவம் போரோ. நேர்க் குழாய்போல இருப்பது ரூஃப். குறைந்த விலையில் போரோதான் நல்ல படம் தரும், ஏனென்றால் ரூஃப் வகையைச் செய்வதில் நுணுக்கம் கூட, அரியத்தில் ஃபேஸ் கோட்டிங் என்ற தனிப் பூச்சும் வேண்டும், அது இல்லாத மலிவு ரூஃபில் படம் கொஞ்சம் மழுங்கித் தெரியும். ஆனால் மலிவு போரோக்களில் பெரும்பாலானவை நீர் புகாதவை அல்ல. இங்கேதான் தலையிடி. ஈரமும் உப்பும் இல்லாத இடத்தில் வசித்தால் நான் போரோவையே சொல்லுவேன், யாழ்ப்பாணத்து உப்புக் காற்றுக்கு நீர் புகாத ரூஃப்.

அரியம் பேக்-4 கண்ணாடியா, பிகே-7 ஆ என்று பாருங்கள், முதலாவது நல்லது. பூச்சு விடயத்தில் பெட்டியில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். கோட்டட், ஃபுல்லி கோட்டட், மல்டி-கோட்டட், ஃபுல்லி மல்டி-கோட்டட். கடைசியாகச் சொன்னதுதான் உங்களுக்கு வேண்டியது, எல்லா மேற்பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு என்று அர்த்தம். முன் வில்லை தோடம்பழம்போலவோ இரத்தச் சிவப்பாகவோ மின்னினால் அதை வைத்துவிட்டு வாருங்கள். அந்தச் சிவப்புப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், பூநாரை பார்க்கப் போகிறவருக்கு அதைவிடப் பிழையான கண்ணாடி கிடையாது.

ஈடி கண்ணாடி என்று ஒன்று உண்டு, ஓரங்களில் ஊதா நிறம் கசிவதைக் குறைக்கும். நல்லதுதான், ஆனால் முதல் பைனாகுலருக்கு அதற்கென்று காசு கூட்ட வேண்டாம்.

எதை வாங்கலாம்

நூற்றைம்பது அமெரிக்க டொலர் அளவுக்கு நிக்கோன் புரோஸ்டாஃப் பி3 8×42, செலஸ்ட்ரோன் நேச்சர் டிஎக்ஸ் 8×42 இரண்டையும் தயங்காமல் சொல்லுவேன். இரண்டும் நீர் புகாதவை, மூக்குக் கண்ணாடிக்கும் ஒத்துவரும். பி3 ஏறத்தாழ 565 கிராம், அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை விடக் கொஞ்சம்தான் பாரம். கையில் இன்னும் நூறு டொலர் இருந்தால் வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் எச்டி 8×42, அதற்கு மேலும் கொஞ்சம் போட்டால் நிக்கோன் மொனார்க் எம்5. அதற்கப்பால் விலை மடங்கு மடங்காக ஏறும், படத்தின் தெளிவு அந்த வேகத்தில் ஏறாது, ஆயிரக்கணக்கில் போகும் ஐரோப்பியக் கண்ணாடிகளைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம்.

நூறு டொலருக்குள் என்றால் நிக்கோன் அக்குலோன் 8×42. போரோ வகை, படம் விலைக்கு மிஞ்சிய தெளிவு, ஆனால் நீர் புகும், 755 கிராம் பாரம், மூக்குக் கண்ணாடிக்காரருக்கு ஒத்துவராது. இதை வாங்கினால் பின்னால் சொல்லும் பராமரிப்பை ஒரு நாள்கூட விடக்கூடாது.

இப்போது எங்கள் ஊர் வழிமுறை. முக்கால்வாசிப் பேர் கடையில் வாங்குவதில்லை, கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ சுவிசில் இருந்தோ வரும் சித்தப்பாவிடமோ மாமியிடமோ சொல்லி எடுப்பிக்கிறார்கள். நல்ல வழிதான், தெரிவு அங்கே கூட. ஆனால் வெறுமனே "ஒரு நல்ல பைனாகுலர் வாங்கி வாங்கோ" என்று சொன்னால் அவர்கள் அன்போடு பெரிய எண் போட்ட ஒன்றைத்தான் வாங்கி வருவார்கள். கொம்பனிப் பெயர், மாதிரிப் பெயர், 8×42 என்ற எண் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பெட்டியையும் பற்றுச்சீட்டையும் எறியவேண்டாம் என்று சொல்லுங்கள், உத்தரவாதம் பல வேளைகளில் வாங்கிய நாட்டுக்குத்தான் செல்லும், திருத்த அனுப்புவதென்றால் அதே சித்தப்பா திரும்பிப் போகும்போதுதான் கொடுத்தனுப்ப வேண்டிவரும். வந்து இறங்கிய முதல் கிழமையிலேயே எல்லாச் சோதனையையும் செய்துவிடுங்கள், அவர்கள் இங்கே நிற்கும்போதே பிழையைக் கண்டுபிடித்தால்தான் மாற்றலாம்.

கடையில் நின்று சோதிப்பது

இதற்கு ஒரு அடிமட்டமும் கைபேசி விளக்கும் போதும். கடைக்காரர் விரும்பாவிட்டாலும் பொறுமையாகச் செய்யுங்கள். வெளியே வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

முதலில் அடிமட்டத்தை முன் வில்லைக்குக் குறுக்கே வைத்து அளவுங்கள். 30×60 என்று பொன் எழுத்தில் எழுதிய சின்னப் பைனாகுலர்களை எல்லா இடத்திலும் பார்க்கிறேன், முன் வில்லையை அளந்தால் 30 மில்லிமீற்றர்கூட வராது. 60 என்பது வெறும் எழுத்து. அடுத்து கையை நீட்டி, கண் வில்லைப் பக்கம் உங்களைப் பார்க்க, வானத்தை நோக்கிப் பிடியுங்கள். கண் வில்லையில் ஒரு வெளிச்ச வட்டம் மிதக்கும். அதன் அகலத்தை அடிமட்டத்தால் அளந்து, முன் வில்லையின் அளவை அதால் பிரித்தால் உண்மையான உருப்பெருக்கம் வரும். 28 மில்லிமீற்றர் வில்லையில் மூன்றரை மில்லிமீற்றர் வட்டம் தெரிந்தால் அது எட்டு மடங்குக் கண்ணாடி, மேலே 30 என்று எழுதியிருந்தாலும் சரி. பெயர்பெற்ற கொம்பனிகளின் பெயரில் போலிகளும் வருகின்றன, எழுத்தை ஏமாற்றலாம், இந்தக் கணக்கை ஏமாற்ற முடியாது.

அந்த வெளிச்ச வட்டத்தையே இன்னும் ஒருமுறை பாருங்கள். முழு வட்டமாக இருந்தால் அரியம் நல்லது, ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம்போல, சாம்பல் நிழலோடு இருந்தால் மலிவுக் கண்ணாடி.

பிறகு திருப்பிப் பிடித்து, கடையின் ரியூப் லைற் முன் வில்லையில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். பச்சையாக, ஊதாவாக, மங்கலாகப் பல விம்பங்கள் தெரிந்தால் பூச்சு சரி. பளிச்சென்று வெள்ளையாக ஒன்று தெரிந்தால் அந்த மேற்பரப்பில் பூச்சே இல்லை. கைபேசி விளக்கை உள்ளே அடித்து தூசு, புகைபோன்ற படலம், நூல் ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள், பழையது வாங்குவதென்றால் இதுதான் முதல் சோதனை.

இனித்தான் முக்கியமானது. வாசலுக்கு வந்து, தூரத்தில் போகும் மின்கம்பி ஒன்றையோ ஒரு கூரையின் முகட்டையோ பாருங்கள். பார்த்தபடியே பைனாகுலரை மெதுவாகக் கண்ணில் இருந்து ஒரு சாண் தள்ளிக் கொண்டுவாருங்கள். இப்போது இரண்டு வட்டமும் தனித்தனியாகத் தெரியும், இரண்டிலும் அந்தக் கம்பி ஒரே உயரத்தில் போகவேண்டும். ஒன்றில் மேலேயும் மற்றதில் கீழேயும் போனால் இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். கண் அதை இழுத்துப் பிடித்துச் சேர்த்துக்கொள்ளும், அதனால் முதல் ஒரு நிமிடத்தில் தெரியாது, பத்தாவது நிமிடத்தில் நெற்றி வலிக்கும். என் கண்ணில் இல்லாத குறை அந்த 20×50 இல் இருந்தது இப்படித்தான், அன்றைக்கு இந்தச் சோதனை எனக்குத் தெரிந்திருந்தால் கண் வைத்தியரிடம் போயிருக்கத் தேவையில்லை. இந்தப் பிழை உள்ளதை எவ்வளவு குறைத்துத் தந்தாலும் எடுக்காதீர்கள்.

கடைசியாக, பஸ் நிலையத்துப் பக்கம் திருப்பி, பஸ்ஸின் ஊர்ப்பெயர்ப் பலகையை வாசியுங்கள். பலகையை வட்டத்தின் நடுவில் வைத்து வாசித்துவிட்டு ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். விலை குறைந்த எல்லாவற்றிலும் ஓரம் கொஞ்சம் மங்கத்தான் செய்யும், ஆனால் நடுவில் எழுத்து வெட்டினாற்போல் தெரியவேண்டும். குவியச் சில்லைச் சுற்றும்போது இறுக்கமோ ஆட்டமோ இல்லாமல் ஒரே சீராகப் போகவேண்டும்.

உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் சூம் பைனாகுலர், குவியமே தேவையில்லை என்று விற்கும் வகை, இருட்டிலும் தெரியும் என்று பெட்டியில் எழுதிய சாதாரணக் கண்ணாடி, இந்த மூன்றும் வேண்டாம்.

வீட்டில் ஒருமுறை சரிசெய்வது

நல்ல கண்ணாடியை வாங்கியும் "எனக்குத் தெளிவாத் தெரியேல்லை" என்று சொல்பவர்களில் பாதிப்பேர் இதைச் செய்யாதவர்கள். முதலில் நடு மூட்டை மடக்கி விரித்து இரண்டு வட்டமும் ஒன்றாகச் சேரும்வரை கொண்டுவாருங்கள். வெறும் கண்ணோடு பார்ப்பவர் கண் கிண்ணத்தை வெளியே சுழற்றி எடுக்கவேண்டும், மூக்குக் கண்ணாடியோடு பார்ப்பவர் உள்ளே தள்ளிவிடவேண்டும். அடுத்து வலது முன் வில்லையைக் கையால் மூடி, இரண்டு கண்ணையும் திறந்தபடியே, தூரத்து எழுத்து ஒன்றை இடது கண்ணுக்குத் தெளிவாகும்படி நடுச் சில்லைச் சுற்றுங்கள். பிறகு இடது வில்லையை மூடி, நடுச் சில்லைத் தொடாமல், வலது கண் வில்லையோடு இருக்கும் தனி வளையத்தைச் சுற்றி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நின்ற இடத்தை நினைவில் வைத்திருங்கள், வீட்டில் இன்னொருவர் எடுத்துப் பார்த்தால் அது மாறிவிடும். இனி நடுச் சில்லு மட்டும்தான் வேலை.

பறவையை வெறும் கண்ணால் கண்டதும், பார்வையை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழகுங்கள். குனிந்து கையில் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை போய்விடும். வீட்டு முற்றத்தில் வடலி உச்சியில் இருக்கும் காகத்தை வைத்து இரண்டு நாள் பழகினால் கை தானாக வரும். சூரியனை ஒருபோதும் பார்க்காதீர்கள், பிள்ளைகளிடம் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுங்கள், ஒரு கணம் போதும் கண் போவதற்கு.

வைத்துப் பாதுகாப்பது

கடற்கரையில் இருந்து வந்ததும் அப்படியே துணியால் துடைக்கக் கூடாது. வில்லையில் கண்ணுக்குத் தெரியாத உப்பும் மணலும் இருக்கும், சாரத்தின் நுனியால் ஒரு துடை துடைத்தால் கீறிவிடும். மருந்துக் கடையில் விற்கும் காது கழுவும் ரப்பர் குமிழால் முதலில் காற்றடித்து ஊதுங்கள், பிறகு மென்மையான தூரிகை, அதற்குப் பிறகுதான் வில்லைத் துணி. உடம்பை ஈரத் துணியால் துடைக்கலாம், ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், வில்லையில் ஒரு துளி காய்ந்தால் வெள்ளைப் பொட்டு விழும். போத்தல் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பாவியுங்கள்.

கூடவே வரும் தோல் உறைக்குள் மாதக் கணக்கில் வைக்க வேண்டாம், பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல வீடு இல்லை. இறுக்கி மூடும் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றுக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நீல நிற மணி இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது, சூடாக்கி உலர்த்தினால் திரும்ப நீலமாகும். ஐப்பசி முதல் தை வரை கிழமைக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்துப் பாவியுங்கள்.

எங்கே நின்று பார்ப்பது, எங்கே பார்க்கக் கூடாது

எங்கள் தலைமுறைக்கு இந்தச் சாமானைக் கண்டதும் காவலரண் நினைவுக்கு வரும். இப்போதும் முகாம் பக்கம், கடற்படைத் தளம் பக்கம், விமான நிலையம் பக்கம் இதை வெளியே எடுக்கவே வேண்டாம். பலாலி, காங்கேசன்துறை, காரைநகர் பக்கம் போனால் பைக்குள்ளேயே இருக்கட்டும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், பறவைப் படப் புத்தகம் ஒன்றும் இருந்தால் யாராவது கேட்டால் விரித்துக் காட்டி விளங்கப்படுத்தலாம். ஊருக்குள்ளும் அப்படித்தான். வேலிக்கு மேலால் கண்ணில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், பக்கத்து வளவுக் கிணற்றடியில் யாராவது குளித்துக்கொண்டிருக்கலாம், குருவி பார்த்தேன் என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

புதியவர்களுக்குப் பண்ணையில் இருந்து மண்டைதீவுக்குப் போகும் பாதைதான் ஆகச் சுகமானது, சைக்கிளிலேயே போகலாம். தென்மராட்சிக்காரருக்குச் சரசாலைக் குருவிக்காடு இருக்கிறது, வடமராட்சிக்காரருக்குத் தொண்டைமானாறு. சுண்டிக்குளம் 1938 இல் சரணாலயமாகி 2015 இல் தேசியப் பூங்காவானது, ஊசிவால் வாத்தும் நாமத்தலை வாத்தும் பெருங்கூட்டமாக இறங்குவது அங்கேதான், ஆனால் தனியே போகாமல் இடம் தெரிந்தவரோடு போங்கள். கௌதாரியும் கரிச்சானும் இலங்கையில் எங்கள் வடபகுதியை விட்டால் பார்ப்பது கடினம், அவற்றைத் தேடித் தெற்கில் இருந்து ஆட்கள் வருகிறார்கள், நாங்கள் தரவை வெளியில் தினமும் தாண்டிப் போகிறோம்.

மாரி வெள்ளம் வற்றத் தொடங்கும் தை, மாசியில் சேறு வெளியே வரும், உள்ளான்களும் மூக்கன்களும் கரைக்குக் கிட்ட வரும். காலையில் போனால் கிழக்கே முதுகைக் கொடுத்து நில்லுங்கள், வெயில் பறவையின் மேல் விழும், நிறம் நன்றாகத் தெரியும். ஒன்பது மணிக்குப் பிறகு தண்ணீருக்கு மேல் கானல் எழும்பிவிடும், அப்போது எவ்வளவு விலைகூடின கண்ணாடியாலும் தெளிவாகத் தெரியாது. மூக்கன் ஒன்று எழும்பிப் பறந்தால் இறக்கையில் வெள்ளைக் கோடும் வாலில் கறுப்பும் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது கருவால் மூக்கன். ஆறரைக்கு அங்கே நிற்கும்படி வீட்டில் இருந்து வெளிக்கிடுங்கள்.